கோர்ட்டு அக்கரையில், வார்டு சபை இக்கரையில்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று என் தம்பி நச்சரிக்கத் தொடங்கி வெகு நாளாகிறது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவார்கள். உனக்காவது இரண்டும் வருமே என்பது அவன் வாதம். ஆபீஸ் வாழ்க்கை முழுவதும் மலையாளத்தில் குறிப்பு எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கைக்குப் பருப்பு கிளறுவது ஒன்றே வேலையாக இருந்தது. எழுத எனக்கு விஷயமே இல்லை என்று அவனைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அனீஷ் போன் செய்தான். நான் இருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன். மண்டல அலுவலகத்தில், வீடில்லாதவர்களுக்கு நகரசபை கட்டித் தரும் அடுக்குமாடி வீடுகளுக்கான மனுக்களைப் பார்க்கும் பிரிவு அது. மனுக்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் நேரே பதிகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். பையன் குரலில் பதற்றம்.

"கோமதி மேடம், புது ஃபாரத்தில ஜீவனாம்சம் கிடைக்குதா, ஆம், இல்லைன்னு ஒரு கட்டம் உண்டு. நிரப்பாம அடுத்த பக்கம் போக விடல. முன்னாடி ஒரு அம்மா உட்கார்ந்து அழுறாங்க. ரெண்டுல எதையும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் எந்தா செய்யணும்?"

எனக்கு அடுப்பில் இருந்த பருப்பு மறந்துபோயிற்று. அந்த அம்மாள் ஏன் இரண்டையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதே கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்த ஜமீலாவை எனக்குத் தெரியும். அவள் கதையைத்தான் எழுதப் போகிறேன். தம்பி திருப்தி அடையட்டும்.

நான் வேலை கற்ற விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. எல்லா அரசாங்க ஊழியரும் ஒரே மாதிரிதான் கற்கிறோம், திட்டு வாங்கி. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், வரி வசூல் பிரிவுக்குப் போனேன், பிறப்பு இறப்புப் பதிவில் கொஞ்ச காலம் இருந்தேன். கடைசியில் வீட்டுப் பிரிவுக்கு வந்தபோது அங்கே சூப்பிரண்டாக இருந்தவர் வர்கீஸ் சார்.

வர்கீஸ் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் ஃபைலை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் போய் நின்று, உதடு அசைய, சர்ச்சில் பைபிள் வாசிப்பதுபோல வரி வரியாக வாசிப்பார். நடுவில் யாராவது பேசினால் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அந்தப் பயத்தில் பிரிவு முழுக்க மூச்சுவிடாமல் இருக்கும். கையெழுத்து போடுமுன் பேனாவை உதறிப் பார்ப்பார். மை சிந்தினால் அன்றைக்குக் கையெழுத்து இல்லை. யாருக்கும் ஒரு சாயா வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. அவர் மலையாளத்தில்தான் பேசுவார். இங்கே நான் தமிழில் தருகிறேன், ஓரிரண்டு சொல்லை மட்டும் அவருக்கே விட்டுவிடுகிறேன்.

விசாரணைக்காக மனுதாரர்களின் வீடுகளுக்கு முதல்முதலாக நான் போய்வந்தபோது ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைப் படுக்கை விரிப்பால் மூடி, மேலே ஒரு பூச்சாடியை வைத்து மேசை என்று சொன்னார்கள். மேசை உர்ரென்று சத்தம் போட்டது. நான் பெரிய துப்பறிவாளி மாதிரி அதை அறிக்கையில் எழுதினேன். வர்கீஸ் சார் ஜன்னலோரம் வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கோமதி, ஃபிரிட்ஜ் இருந்தா வீடு கிடையாதுன்னு விதியில் உண்டோ?"

"இல்லை சார்."

"அப்போ அது உங்க கண்ணுல பட்டிருக்காது. விதி கேட்காததை நாம கேட்கக்கூடாது. கேட்டுட்டா எழுதணும். எழுதிட்டா அது நாம செத்த பிறகும் அங்கேயே கிடக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதருக்கு வேலை செய்ய வலிக்கிறது, அதற்கு இப்படி ஒரு தத்துவம் என்று சாயாக் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஜமீலாவின் மனு வரும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

ஜமீலா தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பத்துப் பெண். பஜாரில் சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கும் வேலை. சுக்குக்குப் பூசும் சுண்ணாம்புத் தூசி படிந்து புருவம்கூட வெளுத்திருக்கும். புருஷன் நாசர் அவளைத் தலாக் சொல்லிவிட்டு இடப்பள்ளியில் மொபைல் கடை வைத்து, வேறு கல்யாணமும் செய்துகொண்டிருந்தான். ஷம்னா, ரிஸ்வானா என்று இரண்டு பெண்கள் ஜமீலாவோடு இருந்தார்கள். பெரியவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மூவரும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் சொந்தக்காரர் கட்டிடம் முழுவதையும் ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறேன், மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். நகரசபை வீடு கிடைக்காவிட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

ஆனால் அவள் மனு முதல் சுற்றிலேயே தள்ளப்பட்டிருந்தது. காரணம் வருமானம். பெண்கள் இருவருக்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று குடும்பக் கோர்ட்டு நாசருக்கு உத்தரவு போட்டிருந்தது. வருமானச் சான்றிதழில் அந்தத் தொகையை அவள் கூலியோடு கூட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டியதில் வரம்பைத் தாண்டிவிட்டது. அவள் அப்பீல் கொடுத்தாள், விசாரணை என் தலையில் விழுந்தது.

அவள் சந்துக்குப் போனேன். வழக்கப்படி முதலில் இரண்டு பக்கத்து வீட்டிலும் கேட்டேன். ஜீவனாம்சம் ஒழுங்காக வருகிறதா என்றதற்கு எல்லாரும் ஒரே குரலில் வருகிறது என்றார்கள். "நாசர் அந்த விஷயத்துல தங்கம். மாசம் பொறந்தா புள்ளைகளுக்குக் காசு வந்துரும்" என்றாள் ஒருத்தி. ஜமீலாவைக் கேட்டேன். வாசல்படியைப் பார்த்துக்கொண்டு, "அனுப்புறாரு சேச்சி" என்றாள். சின்னவள் ரிஸ்வானா தன் புதுப் பள்ளிப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "எங்க அத்தா வாங்கித் தந்தது."

சரி, வருகிறது என்று எழுதிவிட வேண்டியதுதான், இதில் அப்பீலுக்கு என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு கிளம்பினேன். ஜமீலா என்னை வழியனுப்புகிற சாக்கில் சந்து முனைவரை கூடவே வந்தாள். அங்கே நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பை நான் வாங்கினது சேச்சி. அவர் ஒரு பைசா தந்ததில்ல."

"பின்னே ஏன் எல்லார்கிட்டயும் தர்றார்னு சொல்லி வச்சிருக்கே?"

"தரலைன்னு சொன்னா இந்தச் சந்துல எம்புள்ளைக அத்தா கைவிட்ட புள்ளைக ஆயிரும். அதுவும் போகட்டும். நாளைக்கு ஷம்னா நிக்காஹுக்கு வலியா, பொண்ணுக்குப் பொறுப்பாளியா வந்து உட்கார்ந்து கைபிடிச்சுக் கொடுக்க வேண்டியது அவருல்ல? ஊருக்கு முன்னாடி அவர் மானத்த வாங்கிட்டா வருவாரா? மனுஷனுக்கு வேற ஒண்ணும் இல்ல, ரோஷம் மட்டும் நெறைய உண்டு."

"கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கியே, அதுல மட்டும் அவருக்கு ரோஷம் வராதா?"

"கோர்ட்டு அக்கரையில எறணாகுளத்துல இருக்கு. போட்டுல ஏறிப் போயிட்டு வந்துருவேன், ஒரு குஞ்சுக்கும் தெரியாது. பாக்கியைக் கேட்டுக்கூட அங்க மனு கொடுத்திருக்கேன். உங்க வார்டு சபை இங்க நம்ம ஸ்கூல்லயில்ல நடக்குது?"

அப்போதுதான் எனக்குச் சிக்கல் முழுசாகப் புரிந்தது. எங்கள் ஊரில் வீட்டுப் பட்டியல் ஆபீஸிலேயே முடிவாகிவிடாது. வார்டு மக்களைக் கூட்டி, பெயரையும் அப்பீல் ஏற்கப்பட்ட காரணத்தையும் மைக்கில் வாசிக்க வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். ஜீவனாம்சம் கிடைப்பதில்லை என்று நான் எழுதினால் அவளுக்கு வீடு கிடைக்கும், ஆனால் மைக்கில் நாசரின் மானம் போகும், ஷம்னாவின் நிக்காஹில் வலியாக வந்து உட்கார மாட்டான். கிடைக்கிறது என்று எழுதினால் அவன் மானம் நிற்கும், இவள் தெருவில் நிற்பாள்.

"என்ன எழுதட்டும்? நீயே சொல்லு" என்றேன்.

"வீடு போனாலும் போகட்டும் சேச்சி, தரலைன்னு மட்டும் எழுதிராதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய்க்கு மேல் பொய் அடுக்கி, காசு கொடுக்காதவனுக்கு ஊரெல்லாம் நல்ல பேர் வாங்கிக் கொடுத்து, கடைசியில் அந்தப் பேருக்காகத் தன் வீட்டையே கொடுக்கத் துணிகிறாளே என்று. அதே சமயம் அவளை விட்டுவிடவும் மனம் வரவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

வர்கீஸ் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். அறிக்கை இன்னும் எழுதவில்லையே, என்னத்தைப் படிக்கிறார் என்று பார்த்தேன். கோர்ட்டு உத்தரவின் நகலைப் படித்துக்கொண்டிருந்தார். பியூன் குறுக்கே வந்து ஏதோ கேட்க, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எனக்குப் பியூனை அடிக்கலாம்போல இருந்தது.

"கோமதி, இந்த உத்தரவில் ஜமீலாவுக்கு ஒரு பைசாகூட இல்லையே."

அது உண்மைதான். ஜமீலாவுக்குக் கொடுக்க வேண்டியதைத் தலாக்கின்போதே பேசி முடித்துவிட்டார்கள். உத்தரவு இரண்டு பெண்களின் பேரில், அவர்களுடைய படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் என்று இருந்தது. அம்மா அதை வாங்கிக் கொடுக்கிற கை, அவ்வளவுதான்.

"புள்ளைங்க காசு எப்படி சார் அம்மாவோட வருமானம் ஆகும்?" என்றேன். "ஸ்கூல்ல குழந்தைக்கு ஸ்காலர்ஷிப் வந்தா அதை நாம அப்பன் வருமானத்துல சேர்க்கறதில்லையே."

"அதைத்தான் நானும் பார்க்கறேன். ஆனா குடும்ப வருமானம்னு விதி சொல்லுது. குடும்பம்னா குழந்தைகளும்தானே. இதை நானே தீர்மானிச்சா நாளைக்கு ஆடிட்டுல ரெண்டு பேரும் பதில் சொல்லணும். மேலே எழுதிக் கேட்போம். அவங்க சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டா, அவன் தர்றானா இல்லையான்னு நாம கேட்க வேண்டியதே இல்லை. விதி கேட்காத கேள்வி."

ஃபிரிட்ஜ் கதை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அந்தக் கடிதத்தை இரண்டு பேருமாக எழுதினோம். அதில் ஜமீலாவின் பெயர் இல்லை, நாசரின் பெயர் இல்லை, சந்து இல்லை. குழந்தைகளின் பராமரிப்புக்கென்று கோர்ட்டு விதிக்கும் தொகையை, அவர்களை வளர்க்கும் தாயின் அல்லது தகப்பனின் வருமானமாகக் கணக்கிட வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி. எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் இருக்குமோ, எல்லாருக்கும் சேர்த்துக் கேட்பதாகவே எழுதினோம். வர்கீஸ் சார் பேனாவை உதறினார். மை சிந்தவில்லை.

பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஹோம்ஸ்டேக்காரர் பக்கத்து அறைகளை இடிக்கத் தொடங்கிவிட்டார். ஜமீலா வேலை முடிந்து போகிற வழியில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். நான் ஜன்னல் வழியாகத் தலையாட்டுவேன், இல்லை என்று. அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். எனக்கு அந்த மாதங்களில் இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார், ஆனால் அதுதான் நிஜம்.

பதில் ஒரு நாள் தபாலில் வந்தது. வர்கீஸ் சார் நின்றபடி முழுவதும் வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் சாயாவும் பரிப்புவடையும் வாங்கி வரச் சொல்லித் தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். பிரிவில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குழந்தைகளின் பராமரிப்புத் தொகையைத் தகுதி பார்க்கும்போது வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று கடிதத்தில் இருந்தது. வடையை எப்போது தின்றேன் என்றே தெரியவில்லை.

அதன் பிறகு அறிக்கையை எழுதினேன். 'மனுதாரரின் மகள்களுக்கு விதிக்கப்பட்ட தொகை தகுதியைப் பாதிக்காது. எனவே அது கிடைக்கிறதா என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.' பக்கத்து வீட்டார் சொன்னதையும் எழுதவில்லை, சந்து முனையில் ஜமீலா சொன்னதையும் எழுதவில்லை.

வார்டு சபையில் நான்தான் வாசித்தேன். ஜமீலாவின் பெயர் வந்ததும், எதிர்பார்த்தபடியே பழக்கடை அஷ்ரப் எழுந்தார். "அவளுக்கு நாசர் மாசாமாசம் காசு கொடுக்கறானே மேடம். ஊருக்கே தெரியுமே." ஜமீலா கட்டிவைத்த பொய் அவளையே கடிக்க வந்து நின்றது. பெண்கள் வரிசையில் அவள் முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அது குழந்தைகளுக்கு விதிச்சது அஷ்ரப் பாய். குழந்தைங்க காசு அம்மா வருமானத்துல சேராதுன்னு மேலேருந்து உத்தரவு உண்டு. உங்க மகனோட ஸ்காலர்ஷிப்பை உங்க வருமானத்துல நீங்க காட்டியிருக்கீங்களா?"

கூட்டம் சிரித்தது. அஷ்ரப்பும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். கொஞ்ச நாள் கழித்து நாசரே ஆபீஸுக்கு வந்தான். நல்ல அத்தர் மணம், சிரித்த முகம்.

"சந்துல விசாரணைக்கு வந்தீங்களாமே மேடம். நான் புள்ளைகளுக்குக் கரெக்டா கொடுக்கறேன்னு எல்லாரும் சொன்னாங்களாம். அந்த ரிப்போர்ட்டுல ஒரு காப்பி வேணும். தகவல் உரிமையில மனுவும் எழுதிட்டு வந்திருக்கேன்."

இவன் எதற்குக் கேட்கிறான் என்று உடனே விளங்கிவிட்டது. அக்கரையில் ஜமீலா பாக்கி கேட்டுப் போட்ட மனு இருக்கிறதே. ஒழுங்காகப் பணம் கொடுக்கிறான் என்று ஓர் அரசாங்க அறிக்கை கிடைத்தால் அதை அங்கே கொண்டுபோய் நீட்டுவான். அவள் அவனுக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பேரைக் கொண்டே அவள் பாக்கியை இல்லாமல் ஆக்கிவிடுவான்.

வர்கீஸ் சார் தலையைத் தூக்கினார். "கொடுங்க கோமதி. தாராளமா கொடுங்க" என்றார்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். நாசர் நின்றபடியே வாசித்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"விதி கேட்கலையே" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷம் பென்ஷன் ஆர்டர் வந்தபோதுகூட உண்டாகவில்லை. அன்றைக்கு மட்டும் நான் பெரிய துப்பறிவாளியாக இருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அக்கரைக் கோர்ட்டு பிற்பாடு பாக்கியைத் தவணையாகக் கட்டச் சொன்னது. நாசர் முனகிக்கொண்டே கட்டினானாம். சந்தில் இருப்பவர்களுக்கு அது ஒன்றும் புதுச் செய்தியாகத் தெரியவில்லை. அவன்தான் எப்போதும் கொடுப்பவனாயிற்றே.

அனீஷிடம் இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா? "அந்தக் கேள்விக்கு மேலே யாருக்காக விதிச்சதுன்னு ஏதாவது கேட்டிருக்கா பாரு" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது.

"உண்டு மேடம். தனக்கா குழந்தைகளுக்கான்னு உண்டு. குழந்தைகளுக்குன்னு அமுக்கினேன். அய்யோ, மத்த கேள்வி காணாமப் போயிருச்சு. அடுத்த பக்கம் வந்துருச்சு."

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாளா என்று கேட்டேன். நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள் என்றான். எங்கள் கடிதத்தின் பதில்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வர்கீஸ் சார் இப்போது களமசேரியில் மகனோடு இருக்கிறார். உடனே அவருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். பருப்பு கரிந்த வாசனையில்தான் போனை வைத்தேன்.

போன வாரம் ஷம்னாவுக்கு நிக்காஹ். ஜமீலா குடியிருக்கும் நகரசபை அடுக்குமாடியின் கீழே பந்தல். நாசர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, எல்லாருக்கும் முன்னால் வலியாக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுத்தான். பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த பழைய சந்துக்காரி என் காதில் சொன்னாள்: "தலாக் சொன்னா என்ன, புள்ளைகளுக்கு ஒரு கொற வைக்கல அந்த மனுஷன். மாசம் தவறாம கொடுத்தாருல்ல."

பரிமாறிக்கொண்டு வந்த ஜமீலா அதைக் கேட்டுவிட்டாள். என் இலையில் ஒரு கறித்துண்டு கூடுதலாக விழுந்தது. சேலை மடிப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"பேரு அவர்கிட்டயே இருக்கட்டும் சேச்சி" என்றாள். "வீடு எங்கிட்ட இருக்குல்ல. நீங்க சாப்பிடுங்க."